ட்ரேயில் விட்ட ஊசி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் கடைவாய்ப் பல்லைத் தவிர. அங்கே நீ நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், உன் மேல் இருக்கிற கோபத்தில் அந்த வரி பேனாவில் இறங்க மாட்டேன் என்கிறது. அப்பா பத்து நாளாக ஒரு பக்கமாகவே மெல்லுகிறார். தெருமுனையில் பல் டாக்டர் இருக்கிறார், போங்கள் என்றால், "என் பொண்ணே டாக்டரா இருக்கும்போது கண்டவங்ககிட்ட வாயைத் திறக்கணுமா?" என்கிறார். நீ வர ஏழு மாதம் ஆகும், அதுவரை பல் காத்திருக்குமா? அப்பாவுக்கும் மகளுக்கும் சொன்னால் ஏறாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் பேச்சை நிறுத்தி அப்பாவிடம் போனைக் கொடுத்ததும் சிக்னல் சரியில்லை என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, உன் கிளினிக்கில் நடந்ததாக நீ சொன்னதுதான் காரணம். மரத்துப்போக ஊசி போட்டாய், பல்லைப் பிடுங்கினாய், ஊசியை அதற்கென்று இருக்கிற டப்பாவில் போடாமல் பஞ்சோடு பஞ்சாக ட்ரேயிலேயே விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாய். கருவி கழுவுகிற அந்த அம்மா ட்ரேயை எடுத்துக் கொட்டும்போது அது கையுறையைத் துளைத்து உள்ளங்கையில் ஏறியிருக்கிறது. அதை நீ சொன்ன அழகு இருக்கிறதே! "லேசா குத்தினதுக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டாம்மா, விபத்து நோட்டுல வேற என் பேரை எழுதிட்டா, பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேக்கறார்" என்றாய். ஏண்டி, குத்தியது அந்த அம்மா கையில், குறை உனக்கா? யானைக்கும் அடி சறுக்கும், ஊசியை மறந்ததைக்கூட நான் பிடித்துக்கொள்ளவில்லை. பல் பிடுங்கிக்கொண்ட அந்த நோயாளியை ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னாயா என்று கேட்டேனே, "அவர் பெரிய வக்கீல்மா, தப்பா எடுத்துப்பார்" என்றாயே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் ரத்தத்தில் எய்ட்ஸோ காமாலையோ ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அந்த அம்மாவின் பாரம் பாதி இறங்கும். தெரியாவிட்டால் வயிற்றைப் புரட்டுகிற மாத்திரை ஒரு மாதம், பரிசோதனை மேல் பரிசோதனை ஆறு மாதம். வாயைத் திறங்கள் என்று வக்கீலிடம் சொல்லத் தெரிந்தவளுக்குக் கையை நீட்டுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லையா?

பல் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் கருவி கழுவியவள் நான், அது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது, அப்பாவுக்கும் தெரியாது. உனக்கு ஐந்து வயதில் உன்னை ஆறு மாதம் பெரியம்மா வீட்டில் விட்டேனே, "என்னை ஏம்மா துரத்தின?" என்று இவ்வளவு பெரியவளான பிறகும் கேட்பாயே, ஷிப்ட் மாறிவிட்டது என்று ஒவ்வொரு தடவையும் சமாளிப்பேன். ஷிப்டும் மாறவில்லை, ஒன்றும் மாறவில்லை. ஒரு டாக்டர் ட்ரேயில் விட்ட ஊசி என் பெருவிரலில் ஏறிவிட்டது. அவர் பார்த்தார், பார்க்காதவர் மாதிரி கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். சொன்னால் வேலை போய்விடுமோ என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்த நோயெல்லாம் தொட்டால் ஒட்டாது என்று அன்றைக்கு எனக்கு யார் சொல்ல இருந்தார்கள்? உனக்குத் தலைவாரவே பயந்தேன். ஞாயிறுதோறும் வந்து பெரியம்மா வீட்டு வாசலிலேயே நிற்பேன், நீ ஓடி வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். கடைசியில் துணிந்து பரிசோதனைக்குப் போய், ஒன்றுமில்லை என்று சொன்ன அன்றைக்குத்தான் வந்து உன்னைத் தூக்கினேன். உன் மேல் எனக்கு என்ன வெறுப்பு? பயம்டி, வெறும் பயம். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

அந்த அம்மாவுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று உனக்குத் தெரியுமா? கடிதம் கிடைத்த அன்றைக்கே வக்கீலுக்குப் போன் போடு, கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அடுத்த பரிசோதனைக்கு அந்த அம்மாவோடு நீயும் போய்ப் பக்கத்தில் உட்கார். போகிற போக்கில் சாரி சொல்லாதே, நின்று சொல். பாதியில் விட்ட உன் காமாலைத் தடுப்பூசியையும் போட்டுக்கொள்.

உன் கை தொட்ட இடமெல்லாம் வலி தீரட்டும், நீ நூறு வயசு நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது உன் நலத்தை அப்புறம் சொல்லலாம், முதலில் அந்த அம்மாவின் ரிசல்ட்டைச் சொல்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா