பரீட்சைக்குப் படுத்த நெஞ்சு

அன்பு மகள் ஜாஸ்மினுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அம்மா சுகம். என் விஷயம் கீழே வருகிறது, முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கத்து. போனில் சொன்னால் பாதியில் அழுது கட் பண்ணிவிடுவாய். அதனால்தான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

அம்மாவுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷிப்ட் மாறிவிட்டது, காலையில் ஆறரைக்கே கிளம்புகிறாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் இந்த மழைக்கு நம் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. உன் சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கிறது, விற்கவில்லை. ஆட்டோவும் மூன்று வாரமாக வாசலிலேயே நிற்கிறது. போனில் உன்னிடம் ஸ்டாண்டில் இருக்கிறேன் என்று சொன்னதெல்லாம் பொய், பின்னால் கேட்ட இரைச்சல் இந்தப் பெரியாஸ்பத்திரியின் ஓபி கூட்டம். நான் இங்கே வார்டில் படுத்திருக்கிறேன். நாலாவது கட்டில், ஜன்னல் பக்கம். அம்மாவைத் திட்டாதே, சொல்ல வேண்டாம் என்று நான்தான் அவள் வாயைக் கட்டினேன்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் வால்வு சுருங்கியது உனக்குத் தெரியும். மாசாமாசம் மாத்திரைக்கு இங்கே வருவதும் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. என் நெஞ்சுச் சத்தம் நீ படிக்கிற டாக்டர் புத்தகத்தில் எழுதியிருக்கிற மாதிரியே கேட்குமாம். அதனால் வருஷா வருஷம் டாக்டர் பிள்ளைகளின் பரீட்சைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். கட்டிலில் படுத்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு பிள்ளையாக வந்து தொட்டு, கேட்டு, என்ன வியாதி என்று பரீட்சை வைக்கிறவர்களிடம் சொல்ல வேண்டும். முதல் நாளே வார்டு நர்ஸ் தனம் அக்கா போன் பண்ணி, "இன்னாபா எக்ஸாம் கேஸு, நாளைக்கு குளிச்சிட்டு சுத்தமா வா, போன தபா மாரி பீடி நாத்தத்தோட வந்த, கட்டிலோட தூக்கி வெளிய போட்ருவேன்" என்பாள். ஏழு வருஷமாகப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும் என் பெஞ்சுப் பக்கம் திரும்பியதில்லை. இங்கே பெரிய டாக்டரம்மா என் நெஞ்சைக் காட்டி, இந்த மாதிரி சத்தம் ஈஸியா கிடைக்காது, நல்லா கேட்டுக்கோங்க என்பார்கள். இருபது பிள்ளைகள் நோட்டில் எழுதுவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே வால்வுக்கு ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார்கள். செய்தால் அந்தச் சத்தம் போய்விடும், அடுத்த வருஷம் தனம் அக்கா போன் பண்ண மாட்டாள். அதற்காகத்தான் தள்ளிப் போட்டேன். நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது, கடித்துக்கொள். அம்மாவிடம் அவசரமில்லை என்று டாக்டரே சொன்னதாகச் சொல்லிவிட்டேன். போன மார்கழியில் திருநீர்மலைக்கு ஒரு சவாரி போனேன், சவாரி வந்தவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு மலைக்கோயிலில் பத்துப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். அதையும் செக்கப்பில் சொல்லவில்லை.

பரீட்சைக்குப் படுக்கிற எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஈரல் வீங்கியவர், ஒரு பக்கம் கை வராதவர், எல்லாரும் அவரவர் வியாதியின் இங்கிலீஷ் பெயரை மனப்பாடம் பண்ணி வைத்திருப்போம். பயந்த பிள்ளையாக வந்தால் மெதுவாகச் சொல்லிவிடுவோம், பாவம் பாஸாகட்டும் என்று. இந்தத் தடவை பிரசன்னா என்று ஒரு பையன் வந்தான். சட்டையெல்லாம் வேர்வை. "அண்ணா, காது அடைச்சிக்கிச்சிண்ணா, ஒண்ணுமே கேக்கல" என்றான். நான், "இன்னாத்துக்கு நடுங்குற? மைட்ரல் ஸ்டெனோசிஸ், எழுதிக்கோ. ஏழு வருசமா அதான் கீது, வேற ஒண்ணியும் கெடையாது" என்றேன். எழுதிக்கொண்டான். என் நாடியைக்கூடப் பிடிக்கவில்லை.

வெளியூரிலிருந்து பரீட்சை வைக்க வந்த மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். ரொம்ப நேரம் விடவில்லை. நாடி எப்படி என்று அவனைக் கேட்டார்கள், ரெகுலர் மேடம் என்றான். ஸ்டெத்தை வைத்துக் கேட்டார்கள். துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது, வால்வு இப்போது கசியவும் ஆரம்பித்திருக்கிறது, நீ பேஷண்ட்டைத் தொட்டியா இல்லையா என்றார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் ஃபேனைப் பார்த்தேன். இவர்தான் சொன்னார் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஃபெயில். ஆறு மாசம் கழித்துத் திரும்ப எழுத வேண்டும். அவனை அனுப்பிவிட்டு மேடம் என்னிடம், எத்தனை நாளா மூச்சு வாங்குது என்று கேட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் என்றேன். அன்றைக்கே இங்கே படுக்க வைத்துவிட்டார்கள்.

எனக்குப் பயம் வரவில்லை ஜாஸ்மின். அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டதும் கன்னம் ஒரு மாதிரி இருக்குமே, கிள்ளினாலும் தெரியாமல், உள்ளே அப்படி இருக்கிறது. கொடுத்ததைச் சாப்பிடுகிறேன், ரத்தம் எடுக்க வந்தால் கையை நீட்டுகிறேன். நம் தெருவில் பாதிப் பேர் இங்கே பிறந்தவர்கள், நீயும்தான். மீதிப் பேர் யாரையாவது இங்கிருந்து வெள்ளைத் துணி சுற்றி வாங்கிப் போனவர்கள். நேற்று கறிக்கடைக்குப் பக்கத்தில் இஸ்திரி போடுகிற ரமா அவள் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வழி தெரியாமல் வார்டு வாசலில் வந்து நின்றாள், எந்த கவுண்டரில் சீட்டு என்று படுத்தபடியே சொன்னேன். "நீ இன்னாபா, இங்கயே குடி வந்துட்ட மாரி பேசுற" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

போன வாரம் பிரசன்னா வார்டுக்கு வந்தான். திட்டட்டும் என்று காத்திருந்தேன். "இப்ப கேட்டுக்கட்டுமாண்ணா?" என்றான், அவ்வளவுதான். ஸ்டெத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடு பண்ணி வைத்தான். பத்து நிமிஷம் கேட்டான். நாடி பிடித்தான். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. போகும்போது மட்டும், "கேக்குதா?" என்றேன். "கேக்குதுண்ணா" என்றான். நீயும் அங்கே நாகர்கோவிலில் யாரோ ஒருத்தருடைய அப்பன் நெஞ்சில் கை வைக்கிறாய். ஸ்டெத்தைத் தேய்த்துச் சூடு பண்ணிவிட்டு வை, இரும்பு சில்லென்று இருக்கும். அவர் வியாதி பெயரை அவரே சொன்னால் தலையை ஆட்டிக்கொள், நம்பாதே.

ஆபரேஷன் வருகிற வியாழன் இல்லை, அதற்கடுத்த வியாழன். இரும்பு வால்வு. அதற்கப்புறம் உள்ளே கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்குமாம், தனம் அக்கா சொன்னாள். போன கிறிஸ்மஸ் லீவில் நீ புது ஸ்டெத்தை மாட்டிக்கொண்டு வந்து, அப்பா படு என்றாய். "போடி, வூட்ல வந்து டாக்டர் வேல காட்டாத" என்று துரத்தினேன். கூச்சம் என்று நீ நினைத்திருப்பாய். நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான். ஏழு வருஷத்தில் எந்த ஊர்ப் பிள்ளைகளெல்லாமோ கேட்டுவிட்டார்கள், பெற்ற பெண் கேட்கவில்லை. அந்த வியாழனுக்கப்புறம் கேட்க இந்தச் சத்தம் இருக்காது.

ஆபரேஷனுக்கு முந்தின புதன்கிழமைக்குள் வந்துவிடு. தாம்பரத்தில் இறங்கு, அம்மா ஸ்டேஷனுக்கு வருவாள். வண்டியில் முட்டை போண்டா வாங்கித் தின்னாதே. லீவ் லெட்டரில் காரணத்தை உள்ளபடி எழுது, நம் வீட்டில் பொய் சொன்னது நான் ஒருத்தன் போதும். கர்த்தர் உன் கைகளையும் காதுகளையும் ஆசீர்வதிப்பாராக. ஸ்டெத்தை மறக்காமல் எடுத்து வா. நான் எதுவும் சொல்ல மாட்டேன், நீயே கேட்டுக் கண்டுபிடி.

இப்படிக்கு,
நாலாவது கட்டிலிலிருந்து
உன் அப்பா ஜெபகுமார்