கோடிச் சேலையைத் தராமல் உட்கார்ந்தேன்

அக்கா,

இன்று கோயமுத்தூர் ஜவுளிக்கடையில் புதுச்சேலை ஒன்றைப் பிரித்துக் காட்டினார்கள். கஞ்சி வாசம் மூக்கில் ஏறியதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். உன்மேல் போர்த்தக் கொண்டுபோன கோடிச் சேலைக்கும் இதே வாசம்.

நீ கிணற்றில் விழுந்து செத்துப்போனதாக உன் புகுந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. கோபி வாய்க்காலில் எதிர்நீச்சல் போட்டு வளர்ந்தவள் நீ. கிணற்றுத் தண்ணீர் உன்னை என்ன செய்துவிடும் என்று அவிநாசி போகும்வரை பஸ்ஸில் அப்பாவிடம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

நாங்கள் போவதற்குள் உன்னைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். சுமங்கலிக்குச் செய்வதுதான். ஆனால் கழுத்தில் மட்டும் அப்பியிருந்தார்கள். கட்டிப்பிடித்து அழுதபோது அந்த மஞ்சள் என் கையோடு வந்தது. அடியில் கயிற்றுத் தடம்.

பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் உன்னைத் தூக்க முடியாது. கோடி என் மடியில் இருந்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உன் புருஷன் வீட்டார் அதட்டினார்கள், கெஞ்சினார்கள், பொழுது சாய்கிறது என்றார்கள். கடைசியில் அப்பாவே வந்தார்.

"போன உசுரு வருமா அம்மணி? அவள அறுத்துக் கேவலப்படுத்தோணுமா? கோடியக் குடு கண்ணு."

"கழுத்தப் பாருங்கப்பா. போலீஸ் வராம நான் குடுக்க மாட்டனுங்க."

அப்பா குனிந்து பார்த்தார். பிறகு அவரே போய் ஊர் மணியக்காரரைக் கூட்டிவந்தார். அவர் போலீசுக்கு ஆள் அனுப்பினார்.

கோர்ட்டில் டாக்டர் நிதானமாகச் சொன்னார். உயிரோடு மூழ்குகிறவர் தண்ணீரை மூச்சோடு இழுப்பார், நுரையீரலில் நுரை நிற்கும்; உனக்கு அது இல்லை. உடனே அவர்கள் கதையை மாற்றினார்கள். நீயே தூக்கு மாட்டிக்கொண்டாயாம், மானத்துக்குப் பயந்து கிணற்றில் போட்டார்களாம். அதற்கும் டாக்டரிடம் பதில் இருந்தது. தொங்கியவர் கழுத்தில் தடம் காதுப்பக்கம் ஏறிப்போகும். உனக்கோ நேராகச் சுற்றியிருந்தது, பின்னாலிருந்து இறுக்கியது போல. உன் புருஷனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. எனக்கு அது போதவில்லை. இன்றும் போதவில்லை.

செத்தவளை அறுக்க விட்டவள் என்று சொந்தத்தில் யாரும் என்னைப் பெண் கேட்டு வரவில்லை. வராவிட்டால் போகட்டும். மறுபடி அப்படி ஒரு நாள் வந்தாலும் அப்படியேதான் உட்காருவேன்.

கல்யாணப் பந்திகளில் இன்னும் யாராவது பரிதாபமாகக் கேட்பார்கள், கெணத்துல உழுந்தாளே, அவ தங்கச்சிங்களா என்று.

"உழுவலீங்க. கொன்னுபோட்டாங்க."

வாய்க்குள்ளேயே முனகாதே என்று சின்ன வயதில் என்னை அதட்டுவாயே அக்கா, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொல்கிறேன்.