காகிதத்தில் ஐம்பது

மார்ச் 1, ஞாயிறு

மழை. பாரிஸில் ஏழு பாகை. கால்வாய்க் கரையோரம் பதினெட்டு கி.மீ. சப்பாத்துக்குள் தண்ணீர், இடது குதிக்காலில் கொப்புளம். கடைசி மூன்று கி.மீ. நெஞ்சைக் கவனித்துக்கொண்டே ஓடினேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

இன்னும் ஆறு கிழமை. மொரோக்கோவின் தெற்கு. மணல்மேடு, காய்ந்த ஏரி, பேரீச்சந்தோப்பு. நாற்பத்திரண்டு கி.மீ. மொத்தமே அறுபது பேர்தான் ஓடுகிறார்களாம். மகள் அனுவின் பரிசு. ஜனவரி முதலாம் திகதி கேக் வெட்டி முடிய உறையை நீட்டினாள். "சின்ன ஓட்டம்தான் அப்பா. ஆனா நல்ல வடிவான இடம். நானும் வாறன்." தண்ணீர் கொடுக்கும் தொண்டர்களில் தன் பெயரையும் எழுதிவிட்டாள். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு பாலைவனம். எல்லோரும் கைதட்டினார்கள். மனைவி தவம் மட்டும் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

எனக்கு ஐம்பது இல்லை. ஐம்பத்தாறு.

எழுதியாயிற்று. வீட்டில் ஒருவரும் இல்லை. ஆனாலும் எழும்பிப் போய்க் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

வெயில், குளிர். வேலை செய்யும் கடையில் வெண்டிக்காய் வந்தது, பாதி முற்றல்.

பதிவுப் படிவம் நிரப்பினேன். பெயர், உயரம், இரத்த வகை. பிறந்த ஆண்டைப் போட்டவுடன் பச்சைச் சரி விழுந்தது. கீழே சின்ன எழுத்தில்: ஐம்பத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் ஓடுபட்டியில் ஓடி இதயப் பரிசோதனை செய்த அறிக்கை தரவேண்டும். மற்றவர்களுக்குச் சாதாரண டொக்டரின் சான்றிதழ், சேர்த்திபிக்கா, போதும்.

எனக்குச் சாதாரணம் போதும். படிவம் சொல்கிறது.

அண்ணை போனது ஐம்பத்தேழில். சாவகச்சேரியில், சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு இருந்தவர் எழும்பவில்லை. மூன்று வருடம். அதற்குப் பிறகுதான் ஓடத் தொடங்கினேன். அப்பாவும் அறுபதைக் காணவில்லை. அண்ணைக்கும் எனக்கும் நாலு வயது வித்தியாசம். காகிதத்தில் பத்து.

மார்ச் 6, வெள்ளி

டொக்டரிடம். பதினொரு மணிக்கு வரச்சொல்லித் தந்த ரன்தேவு, பன்னிரண்டுக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், களைத்த மனிதர். நெஞ்சில் குழல் வைத்தார், கையில் பட்டி கட்டினார். குடும்பத்தில் யாருக்காவது இருதய வருத்தம்?

"இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அண்ணையின் வயதைச் சொன்னால் என் வயதையும் கேட்பார். கேட்டால் முகம் காட்டிக் கொடுக்கும். டொக்டர்மார் வெளியில் சொல்லமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் அவர் கணினியில் எழுதுகிறார். எழுதியது எங்கெங்கே போகும்? பொபினி பிரெபெக்சரில், வதிவிட அனுமதி தரும் அந்தக் கந்தோரில், எனக்கென்று ஒரு கோப்பு எங்கோ இருக்கிறது. முப்பத்துமூன்று வருடமாக ஒருவரும் அதைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறந்தால் அதுவும் திறந்துவிடும் என்று ஒரு பயம். விசர்ப்பயம். தெரியும்.

ஐந்து நிமிடத்தில் சேர்த்திபிக்கா. "வயதுக்கு நல்ல உடம்பு" என்றார். வெளியே வந்து மெற்றோ வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். 

மார்ச் 10, செவ்வாய்

யோகனுக்குத் தெரியும். ஒரே நாளில் பாரிஸில் வந்து இறங்கினவர்கள் நாங்கள். இருபத்துமூன்று வயது எனக்கு, நெத்தலி உடம்பு. எங்களைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் மீசையை வழிக்கச் சொன்னான். "பதினேழு எண்டு சொல்லு. சின்னப் பெடியங்களைத் திருப்பி அனுப்பமாட்டாங்கள்." சொன்னேன். திகதி கேட்டபோது ஜனவரி ஒன்று என்றேன், மறக்காத திகதி. யோகனும் அதே. இந்தத் தெருவில் பாதிப்பேர் ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள். கேக் கடைக்காரர் வருடப் பிறப்புக்காக வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

யோகன் வெங்காய மூட்டையில் குந்தியிருந்து சொன்னான்: "மச்சான், காகிதத்தில இளமையாகலாம். நெஞ்சுக்குக் காகிதம் வாசிக்கத் தெரியுமே?"

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "அனுவிட்டைச் சொல்லிப்போடன்."

எப்படிச் சொல்வது? அனு வேலை செய்வது மெரி என்ற நகரசபைக் கந்தோரில், பிறப்புப் பதியும் மேசையில். நாள் முழுக்க மற்றவர்களின் பிறந்த திகதியைச் சரிபார்ப்பவள். அவளிடம் போய், உன் அப்பன் கொடுத்த முதல் திகதியே பொய் என்று சொல்வதா? தெரிந்தால் அவளும் உடந்தை. வேலைக்கு ஏதும் வந்தால்? அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறினால்? இரண்டாவதுதான் முதலாவது. எழுதும்போதுதான் தெரிகிறது.

மார்ச் 19, வியாழன்

காற்று. தவம் சாதகத்தை எடுத்துவிட்டாள். அலமாரியில், கூறைச் சீலைக்கு அடியில். கலியாணத்துக்குப் பொருத்தம் பார்த்த சாதகம். இந்த வீட்டில் என் உண்மையான திகதி உள்ள ஒரே காகிதம். கேக் ஜனவரியில், அர்ச்சனை மக நட்சத்திரத்தில். இருபத்தாறு வருடமாக இப்படி ஒரு ஆளுக்கு இரண்டு பிறந்தநாள் செய்துகொண்டிருக்கிறாள்.

ஊருக்குப் போனில் சாத்திரியாரோடு கதைத்திருக்கிறாள். சிம்ம ராசி, அட்டமத்துச் சனி. தூரப் பயணம் கூடாதாம்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு என்ன விசரே? சனியனை மணலுக்குள்ள போயே தேடவேணும்?"

"பிள்ளை ஆசையாத் தந்தது."

"பிள்ளைக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே."

சாதகத்தை வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தேன். எனக்குச் சனியில் நம்பிக்கை குறைவு. ஆனால் சொன்னபிறகு கிடந்து உறுத்துகிறது.

மார்ச் 29, ஞாயிறு

முப்பது கி.மீ. பியர்ஃபித் வரை போய்த் திரும்பினேன். கோடைக்கால நேரத்துக்கு மணியை மாற்றிவிட்டார்கள், ஒரு மணித்தியாலம் களவு.

அனு தந்த மணிக்கூடு நெஞ்சுத் துடிப்பைக் காட்டும். பச்சை என்றால் நல்லம், சிவப்பு என்றால் நிற்கவேண்டும். வயதைப் போட்டால் அதுவே கணக்குப் பார்க்குமாம். ஐம்பதைத்தான் போட்டு வைத்திருக்கிறாள். இருநூற்றிருபதில் வயதைக் கழிப்பார்களாம். ஆகவே என் பச்சையில் ஆறு துடிப்பு பொய். இருபத்தாறாம் கி.மீ.யில் நெஞ்சின் நடுவில் ஒரு பிடி. யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி. நின்றேன், விட்டது. மணிக்கூடு பச்சை.

வாய்வாக இருக்கலாம். நேற்று உழுத்தங்கஞ்சி.

ஏப்ரல் 8, புதன்

கட்ட வேண்டியவை: தொப்பி. உப்புக் குளிசை. மணல் போகாத காலுறை. விசில் (கட்டாயம்). சிறு கண்ணாடி, தூரத்தில் இருப்பவருக்கு வெளிச்சம் காட்ட (கட்டாயம்). திருநீறு (தவம்). மிளகாய்ப் பொரியல் பைக்கற் (தவம், ஏன் என்று கேட்கக்கூடாது).

விசிலையும் கண்ணாடியையும் வெளியே எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தேன். எப்போது தேவைப்படும் என்று நினைத்துக் கட்டாயம் என்று போட்டார்கள்? வேண்டாம் என்று சொல்ல இன்னும் ஒரு நாள் இருக்கிறது. கால் சுளுக்கு என்று சொல்லலாம். இன்னொரு பொய். பழகின கைதானே.

ஏப்ரல் 10, வெள்ளி

வந்தாயிற்று. கூடாரம். பின்னேரம் எல்லோரையும் கம்பளத்தில் இருத்தி விளக்கம். ஐம்பத்தெட்டுப் பேர். கூட்டம் இல்லாததால் பத்தாம் கி.மீ.க்குப் பிறகு அவரவர் தனியே ஓடவேண்டிவரும் என்றார் நடத்துபவர், சந்தோசமாக. செம்மஞ்சள் கொடியைப் பார்த்துப் போகவேண்டும். இரண்டு கொடிக்கு மேல் காணாவிட்டால் நிற்கவேண்டும்.

மணல்மேடுகள் பொழுதுபட ரோசாப்பூ நிறம். வடிவுதான், யார் மறுத்தது. அனு படம் எடுத்துத் தாய்க்கு அனுப்புகிறாள். "அப்பா, பயமா இருக்கா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். கொஞ்சம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு. என் இலக்கத் துண்டில் பெயருக்குக் கீழே ஐம்பது என்று அச்சடித்திருக்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு, காலை

விரல் சரியாக மடங்கவில்லை. ஆனால் எழுதிவிட வேண்டும்.

நேற்று ஏழு மணிக்குத் தொடக்கம். காய்ந்த ஏரி வரை நல்லாக ஓடினேன். தரை வெடித்து ஓடு ஓடாகக் கிடந்தது, காலடியில் அப்பளம் நொருங்குகிற சத்தம். முன்னால் ஒரு சிவப்புச் சட்டை. பதினாலாம் கி.மீ.யில் அதுவும் மேட்டுக்கு அப்பால் மறைந்தது. திரும்பிப் பார்த்தேன், பின்னாலும் ஒருவரும் இல்லை. லா சப்பலில், எங்கள் தமிழ்க் கடைத்தெருவில், முப்பத்துமூன்று வருடம் ஒரு நிமிடம் தனியே நின்றதில்லை நான். அங்கே விழுந்தால் அரிசி வாங்க வந்த நாலு பேர் தூக்குவார்கள். இங்கே கொடி மட்டும்.

இருபத்துநாலில் அந்தக் கை வந்து நெஞ்சில் இருந்தது. இந்த முறை நின்றும் விடவில்லை. இடது தாடை வரை. நடந்தேன். கொடிக்குக் கொடி எண்ணி நடந்தேன். மணிக்கூடு பச்சை.

இருபத்தெட்டில் தண்ணீர்க் கூடாரம். அனு ஓடி வந்து பையை வாங்கினாள். டொக்டர் ஓர் இளம் மொரோக்கோப் பெண். என்ன செய்கிறது என்று கேட்டாள். தலைச்சுற்று என்றேன். நெஞ்சைப் பற்றிச் சொல்லவில்லை. வயது கேட்டாள். நான் வாய் திறக்குமுன் அனு சொன்னாள்: "ஐம்பது." வீட்டில் இருதய வருத்தம்? அதற்கும் அனுதான்: "பெரியப்பாவுக்கு இருந்தது. அவர் ஐம்பத்தேழில் செத்தவர். அப்பாவுக்கு இன்னும் ஏழு வருசம் இருக்கு." பகிடியாகச் சொன்னாள், பிரெஞ்சில். டொக்டரும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைக்க இப்போதும் கூசுகிறது.

உப்புத் தண்ணீர் தந்தார்கள். இருபது நிமிடம் இருந்துவிட்டு நடந்து போகலாம் என்றாள். இருபது நிமிடம் இருந்தேன். எழும்பினேன். அனு பையை மாட்டிவிட்டாள், முதுகில் தட்டினாள். நடந்தேன். மூன்றாவது கொடி வரை.

மேட்டில் ஏறிப் பார்த்தேன். முன்னால் மணல், அதற்குப் பிறகும் மணல். பதினாலு கி.மீ. ஒரு சீவன் இல்லை. அங்கே கிடப்பேன் என்று தெளிவாகத் தெரிந்தது, பக்கத்தில் கொடி படபடக்க. துணிவு வந்து திரும்பினேன் என்று பிறகு ஒருநாள் எனக்கே கதை விடாதிருக்க இங்கே எழுதி வைக்கிறேன்: துணிவு இல்லை. பொபினிப் பயத்தைவிட அந்த மணல் பயம் பெரிதாக இருந்தது. அவ்வளவுதான்.

திரும்பிப் போய் நின்றேன். அனுவைப் பார்க்காமல் டொக்டரைப் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னேன். நெஞ்சு நோகிறது, ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக. எனக்கு ஐம்பது இல்லை. ஐம்பத்தாறு.

டொக்டர் ஏன் என்று கேட்கவில்லை. தாளில் வெட்டிவிட்டு எழுதினாள். சட்டையைத் திறந்து வயர்களை ஒட்டினாள், குளிசை ஒன்றைச் சப்பச் சொன்னாள், ரேடியோவில் வாகனத்தைக் கூப்பிட்டாள். எல்லாம் இரண்டு நிமிடத்தில். இரண்டு நிமிடத்துக்காக முப்பத்துமூன்று வருடம்.

அனு கையில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றாள். மூடியைத் திறக்கிறாள், பூட்டுகிறாள். வாகனத்தில் பக்கத்தில் இருந்தாள், கையைப் பிடித்திருந்தாள், யன்னலைப் பார்த்தபடி.

இரவு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். காலையில் தவம் போனில்: "சொல்லிப்போட்டீங்களாமே." அழுகிறாளா, ஆறுதலா, தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

ஏப்ரல் 17, வெள்ளி

பாரிஸ். தூறல். ஆஸ்பத்திரி, நாலாம் மாடி, யன்னலோரக் கட்டில். இருதயத்துக்குப் போகும் ஒரு குழாய் முக்கால்வாசி அடைப்பு. நேற்று சின்னக் கம்பிவலை வைத்துத் திறந்துவிட்டார்கள், மணிக்கட்டால் போய். பிழைத்துவிட்டேன் என்கிறார்கள். சித்திரை வருடப்பிறப்பும் இங்கேயே போய்விட்டது.

இங்கத்தைய டொக்டரிடமும் சொன்னேன். இரண்டாந்தரம் சுலபம் என்று நினைத்தேன், இல்லை. அவர் தலையாட்டினார். கோப்பின் மேல் அச்சில் பழைய திகதி. உள்ளே கையெழுத்தில் 56. பொபினியில் இருந்து ஒருவரும் வரவில்லை. ஆனாலும் கதவு திறக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.

யோகன் தோடம்பழத்தோடு வந்தான். "ஆறு வருசம் ஒரேயடியாக் கிழவனாகிட்டாய்" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினான்.

அனு ஐந்து நாளாக வருகிறாள். மருந்துத் துண்டு, அடுத்த ரன்தேவு, மாற்றுடுப்பு. செய்யவேண்டியதெல்லாம் செய்கிறாள், என் முகத்தைப் பார்க்காமல். இன்று பின்னேரம் வேலையால் நேரே வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டாள். ஒரு கிழமைக்குப் பிறகு வாய் திறந்தாள். தமிழில்.

"என்ரை பிறந்தநாள் சரிதானே, அப்பா?"

சரி என்றேன். செவ்வாய்க்கிழமை, விடிய ஆறேகால். வெளியில் பனி, டாக்சி கிடைக்கவில்லை. மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. அடுத்த நாள் நானே மெரிக்கு நடந்து போய்ப் பதிந்தேன், எழுத்தை இரண்டுதரம் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தேன். எல்லாம் சொன்னேன். கேட்டதற்கு மேலேயும் சொன்னேன்.

கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மாட்டையும் கேட்டனான். இதைத்தான் சொன்னவ," என்றாள்.