கட்டில் திரும்பாத முடுக்கு

கோட்டாறு
14.8.1953

அன்பு மகன் டைட்டசுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் கொழும்பில் நீ நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும், இங்கும் சுகம்தான் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை மக்கா. போன ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது அப்பா நம் முடுக்குச் சந்தின் வளைவில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். நட்ட நடுப்பகலிலும் அங்கே இருட்டுதான். நீ இருந்தபோது மாட்டுவண்டி திரும்பிய வழி அது, இப்போது கடை, மாடி, கக்கூஸ் என்று ஆளாளுக்கு வெளியே இழுத்துக் கட்டி வானத்தையே அடைத்துவிட்டார்கள், சாக்கடைத் தண்ணீர் போக இடமில்லாமல் நடுவழியில் கிடக்கிறது. அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, விவரம் தெரியாமல் அள்ளித் தூக்கி வந்ததில் இன்னும் கெட்டுப்போனதாம். டாக்டர் வந்து பார்த்து, மடக்காமல் நீட்டிப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார். நாலு பேர் கட்டிலோடு தூக்கினார்கள், பக்கத்து வீட்டுப் பகவதியப்பன் புதிதாகக் கட்டிய கடைச்சுவர் மூலையில் கட்டில் திரும்பவில்லை. சரித்துப் பார்த்தார்கள், அப்பா போட்ட சத்தத்தில் என் உயிர் போய்விட்டது, திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்து கிடத்திவிட்டோம்.

முனிசிபாலிட்டி ஓவர்சியரைக் கூட்டி வந்தேன். டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, பிளானில் பத்தடிப் பாதை இருக்கிறதே அம்மா என்றார். பிளானில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? நீ மாடி கட்ட வரைந்து அனுப்பிய படமும் வந்து சேர்ந்தது, அதிலும் பால்கனி இரண்டடி வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. உனக்கும் இந்தப் புத்தி வந்துவிட்டதே. மாடியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

பகவதியப்பனிடம் போய் அழுதேன், எதிர்வீட்டுக்காரர் இடித்தால் நானும் இடிக்கிறேன் என்றார். எதிர்வீட்டுக்காரரும் அதையேதான் சொல்கிறார். நேற்று பகவதியப்பன் பழம் வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வந்தார். போகும்போது வாசலில் நின்று, 'ஒரு காரியம் ஆயிட்டுன்னா நீங்க ஒண்ணுக்கும் வெசனப்படாதீங்க அக்கா, அன்னைக்கு நானே இந்த மூலைய இடிச்சுத் தாறேன், கல்லறைக்குப் போற பெட்டியைச் சரிக்கப்பிடாது பாத்தியளா' என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். உள்ளே அப்பா விழித்துத்தான் கிடந்தார்கள்.

எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை மக்கா. நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். லீவு கேட்டு வருவதானால் இப்போதே வா. வழி திறந்த பிறகு வர வேண்டாம்.

உன் அம்மா
தேவகனி