டிக் அடிக்காத கையெழுத்துகள்

அன்புள்ள லைலுக்கு,

அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர நான் சௌக்கியம், அலாஸ்கா குளிரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே ஏரியில் பனி உருகிவிட்டது. உன் தங்கை டீனாவுக்கு ஏழு மாதம், ஜூலையில் பிரசவம். நீங்கள் இருவரும் பிறந்த நம் ஊர்ப் பிரசவ வார்டைத்தான் மூடிவிட்டார்களே, வலி எடுத்தால் காரில் ஒரு மணி நேரம் போக வேண்டும், அவள் புருஷனோ பாதி நாள் லாரியோடு வெளியூர். நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அந்த வார்டுக்கு வந்த அரசாங்கப் பணத்தை முன்னால் நின்று நிறுத்திய மனுஷனின் தேர்தல் செலவுக்கு நம் பம்பு கம்பெனிதான் ஏதோ ஒரு சங்கத்தின் வழியாகக் கொடுத்தது என்று ஊரெல்லாம் பேச்சு. உன் அப்பா வார்ப்படக் கூடத்தில் வெந்து, சம்பளத்தில் பிடித்து வாங்கிய பங்குகள், அதில் பாதி உன் பேரில் இருக்கிறது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது. அதனால்தான் அரசியலுக்குப் போகும் பணம் யார் கைக்குப் போகிறது என்று வருஷம் ஒரு தடவையாவது பங்குதாரர்களுக்குச் சொல்லுங்கள் என்று ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன். சேர்மன், "வெர்னாம்மா, உங்கள மாதிரி அக்கறையா கேக்கறவங்கதான் எங்க பலம்" என்றார். பலத்துக்குப் பேச இரண்டு நிமிஷம் கொடுத்தார், ஒரு தொப்பியும் கொடுத்தார். ஆண்டறிக்கையின் அட்டையில் பச்சைக் குழந்தை படம், அது எந்த ஊரில் பிறந்ததோ.

நான் ஜெயிப்பேன் என்று நினைக்கவில்லை, இருபதில் ஒரு பங்கு ஓட்டு விழுந்தால் அடுத்த வருஷமும் கேட்கலாம், அவ்வளவுதான் ஆசை. மயிரிழையில் போய்விட்டது. இனி மூன்று வருஷம் இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாதாம், அதற்குள் தேர்தலே வந்து போய்விடும். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போன இடத்தில், நம்மைப் போலவே பங்கு வைத்திருக்கும் ஆர்டிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னியேன்னு, கம்பெனி அனுப்பின ஓட்டுச் சீட்டுல அன்னைக்கே கையெழுத்து போட்டு அனுப்பிட்டேன்டி" என்றாள். எந்தக் கட்டத்தில் டிக் அடித்தாய் என்று கேட்டேன். "கட்டமா? அதெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க." பார்த்துக்கொண்டார்கள். டிக் இல்லாமல் கையெழுத்து மட்டும் இருந்தால் நிர்வாகம் சொல்கிறபடியே ஓட்டு என்று சீட்டின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. மேஜையைச் சுற்றி விசாரித்தேன், அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இதே லட்சணம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு வந்தால் உன் கடிதம், "அம்மா, சீட்டுல கையெழுத்து போட்டு உடனே தபால்ல சேத்துட்டேன், வேற எதையும் தொடல, ஜெயிச்சிட்டியா?" என்று. அப்போதுதான் அழுதேன்.

உன்மேல் கோபம் இல்லை, பொய் சொல்வானேன், கொஞ்சம் இருக்கிறது. எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
வெர்னா

மறந்துவிடாதே: இதோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். ஜூலையில் தங்கைக்குக் கார் ஓட்ட வருகிறேன், வரவில்லை என்று இரண்டு கட்டம். டிக் அடிக்காமல் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினால் நிர்வாகம் சொல்கிறபடி எண்ணப்படும். இந்த வீட்டில் நிர்வாகம் நான்தான், உனக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.