பிளாட்பாரத்தில் முழங்கால் போட்டவன்

கல்லல்,
14-2-1971

மதிப்புக்குரிய வேதமாணிக்கம் மாஸ்டர் அவர்களுக்கு, பூமிநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு மழை குறைவு, மற்றபடி சுகம். தாங்கள் பாளையங்கோட்டையில் சுகமாக இருப்பதைத் தங்கள் சபைப் பத்திரிகை வழியாக அறிந்தேன்.

அந்தப் பத்திரிகை இன்னும் தங்கள் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ் விலாசத்துக்கே வருகிறது. புதிய ஸ்டேஷன் மாஸ்டர் சேதுபதி பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "என்னண்ணே, ஞானஸ்நானம் எப்ப? எங்களுக்கும் விருந்து உண்டுல்ல?" என்றார். பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

'அயலானிடம் சொன்னீர்களா?' என்ற தங்கள் கட்டுரை நல்ல நடையில் இருக்கிறது. விசுவாசிகள் வெட்கத்தையும் பயத்தையும் விட்டு, பக்கத்தில் இருப்பவனிடம் சுவிசேஷத்தைச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். நியாயம். அதற்கு உதாரணமாக, கல்லலில் குடியிலும் சீட்டாட்டத்திலும் மூழ்கிக் கிடந்த பூமிநாதன் என்ற விவசாயி, தங்கள் வார்த்தையைக் கேட்டு பிளாட்பாரத்தில் முழங்காலில் விழுந்து கதறியதாக எழுதியிருக்கிறீர்கள்.

என் மனைவி சின்னத்தாயிக்குப் படித்துக் காட்டினேன். "நீங்க எப்பங்க முழங்கால் போட்டீக? விதைக் கடலை பொறுக்கக் குனியச் சொன்னாலே கத்துவீகளே" என்றாள். மாட்டுவண்டியிலிருந்து விழுந்த பிறகு என் வலது முழங்கால் மடங்காது. அதற்குத் தைலம் வாங்கித் தந்தவரே தாங்கள்தான். மதுவிலக்கு இருக்கும்போது எனக்கு மட்டும் சரக்கு எங்கே கிடைத்தது என்று சேதுபதி மிகுந்த ஆவலோடு கேட்கிறார். சீட்டாட்டம் உண்மை. எதிரே உட்கார்ந்து ஆடியவர் யார் என்பது மட்டும் கட்டுரையில் விட்டுப்போயிருக்கிறது.

இவை எனக்குப் பெரிதில்லை. பதினொரு வருஷம், மாலை வண்டி வரும்வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மழை, கடலை விலை, தங்கள் மேலதிகாரியின் குணம், எல்லாம் பேசினோம். தங்கள் ஆண்டவரைப் பற்றி மட்டும் தாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் மனம் நோகக் கூடாது என்ற மரியாதை என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

பொன்னுத்தாயி காய்ச்சலில் போனாள். காரியம் முடிந்த மறுநாள் ஸ்டேஷனுக்கு வந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை. "எம் மக இப்ப எங்குட்டு இருப்பா மாஸ்டர்?" என்று கேட்டேன். தாங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு எழுந்து போனீர்கள். வண்டி வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

கட்டுரையில் என் கேள்வி அப்படியே இருக்கிறது. தாங்கள் சொன்னதாக ஒரு பதிலும் இருக்கிறது. 'உன் குழந்தை தொலைந்துபோகவில்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்ளும் ஒருவரிடம் இருக்கிறாள்.' இந்த இடத்தைச் சின்னத்தாயி மூன்று தடவை படிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை என்னால் படிக்க முடியவில்லை.

அன்று அதைச் சொல்லியிருந்தால் நான் தங்கள் வேதத்துக்கு வந்திருப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வந்திருக்க மாட்டேன். ஆனால் அன்று அதே கேள்வியோடு வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டாம். அந்தப் பதில் தங்களிடம் இருந்திருக்கிறது, மாஸ்டர். சந்தா கட்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, கேட்டவனிடம் மட்டும் சொல்லாமல் விட்டீர்கள்.

பத்திரிகையில் திருத்தம் எதுவும் போட வேண்டாம். "அவுகளை ஒருக்கா வந்து, அவுக வாயால சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க" என்கிறாள் சின்னத்தாயி. மாலை வண்டி அதே நேரத்துக்குத்தான் வருகிறது. பெஞ்சும் இருக்கிறது. முழங்கால் போட முடியாது, உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் ஆண்டவரும் எங்கள் அய்யனாரும் தங்கள் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அயலான்,
பூமிநாதன்