கொண்டலுக்குத் திறந்து வைத்த கம்ப்யூட்டர்

மாப்ள,

என் விரலில் இன்னும் செம்புக் களிம்பு வாடை போகவில்லை. இன்றைக்குப் பூராவும் உன் கம்ப்யூட்டரைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரிட் தொட்ட பஞ்சு பச்சை பச்சையாய் வந்தது. அந்த வாடையில் உன் வீட்டு மாடி அறை அப்படியே முன்னால் வந்து நின்றுவிட்டது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் தங்கச்சி, உன் மனைவி, அதை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தாள். "பிள்ள படிச்சிக்கிட்டு இருக்கையில பொசுக்குனு அணைஞ்சு போவுதுண்ணே. மெதுவா ஓடுனாலும் பரவாயில்ல, நிக்காம ஓடணும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இதே பேச்சை அவள் உன்னிடமும் சொல்லியிருக்கிறாள்.

ஹார்பர் ஆபீஸில் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேஜை. வேலை விட்டதும் செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் மாடிக்கு ஓடுவாய். ப்ராசஸருக்குக் கம்பெனிக்காரன் வைத்த வேகம் உனக்கு எந்நாளும் போதாது. ஓவர்கிளாக் செய்து, அதற்கு மேலே ஓட்டிப் பார்க்க வேண்டும். வேகம் ஏறினால் சூடும் ஏறும். மற்றவர்கள் பெரிய கூலர் வாங்கி மாட்டுவார்கள். நீ கடலோடி மகன் இல்லையா, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைத்துக் காத்திருப்பாய். "கொண்டல் எறங்கிட்டுலே, கூட்டிப் பாப்போம்" என்பாய். உன் அப்பா பாய் விரித்த அதே கீழ்க்காற்றில் நீ மெகாஹெர்ட்ஸ் கூட்டினாய். ஃபேன் இரைச்சலில் நாம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கும்.

உப்புக்காற்று கூலரில் இருக்கும் செம்பைத் தின்றுவிடும் என்று நான் சொன்னால், "உப்புல பொறந்தவன உப்பு என்னலே செய்யும்" என்று வாயை அடைத்துவிடுவாய்.

உனக்கு நெஞ்சு வலித்தபோது டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். கப்பல் வந்துவிட்டது, வேலை கிடக்கிறது என்று மறு வாரமே ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டாய். தங்கச்சி வாசலில் நின்று, "மெதுவா ஓடுனாலும் பரவாயில்ல, நிக்காம ஓடுனாப் போதும்" என்றாள். நீ சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினாய். அன்று மதியம் ஆபீஸ் நாற்காலியிலேயே சாய்ந்தாய்.

உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, மாப்ள. மிஷின் சூட்டைத் திரை ஓரத்தில் போட்டு வைத்து, கண் எடுக்காமல் பார்ப்பாய். கொஞ்சம் கூடினாலும் உடனே ஒரு படி இறக்கிவிடுவாய். உனக்கு ஒரு படி இறங்கத் தெரியவில்லையே.

களிம்பு ஏறிய கூலர் இனி உன் வேகத்தைத் தாங்காது. நீ ஏற்றி வைத்த எண்களையெல்லாம் அழித்து, கம்பெனி வேகத்துக்குக் கொண்டுபோனால்தான் உண்டு. சாயங்காலம் திரும்பி வந்த தங்கச்சியிடம் சொன்னேன்.

"அவரு வச்சதெல்லாம் போயிருமாண்ணே?"

"போயிரும்மா."

திரை ஓரத்துத் தூசியை முந்தானையால் துடைத்தாள். "இந்தத் தெருவுலயே நம்ம மிஷின் மாதிரி கெடையாதுன்னு சொல்லுவாரு" என்றாள். பிறகு, "போகட்டும். பிள்ளைக்கு ஓடணும்" என்றாள்.

பொத்தானை அழுத்தினேன். மிஷின் அணைந்து மறுபடி எழுந்தது. சத்தமே இல்லை.

"ஓடுதாண்ணே?"

"ஓடுதும்மா."

அவள் நம்பாமல் பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள். அப்புறம்தான் அழுதாள். உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவள் இப்படி அழவில்லை.

இப்போது கொண்டல் இறங்கிவிட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நீ வைத்திருந்த எண்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். இனி அவை என் தலையில் மட்டும்தான் இருக்கின்றன. எந்த மிஷினிலும் ஏற்ற மாட்டேன். மறக்கவும் மாட்டேன்.